பழைய ரம்பத்தின் நேர்மை



பழைய இயந்திரம் ஒன்றை விலைக்கு வாங்குகிறவர் அதன் இரும்பை மட்டும் வாங்குவதில்லை; முன்பு அதைக் கையாண்டவர்களின் அவசரங்களையும் அலட்சியங்களையும் சேர்த்தே வாங்குகிறார். நல்லேப்பிள்ளியில் தச்சுப் பட்டறை நடத்தும் நாங்கள் மூவரும் இதை ஒரு மேசை ரம்பத்திடம் கற்றுக்கொண்டோம். கற்றுக்கொள்ள ஏறத்தாழ இரண்டாண்டு பிடித்தது. இடையில் எங்களில் இளையவன் ஆறு வாரம் படுக்கையில் கிடந்தான். மும்பையிலும் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் வாடகைக் கொட்டகைகளில், இதே போன்ற பழைய ரம்பங்களோடு மல்லாடும் தமிழ்த் தச்சர்கள் பலர் உண்டு. அவர்களுக்கு ஒரு சிறிது பயன்படலாம் என்ற எண்ணத்திலும், தச்சுத் தொழிலுக்குப் புறம்பானவர்கள் பொறுத்துக் கேட்பார்கள் என்ற நம்பிக்கையிலும் இதைப் பேசத் துணிந்தோம்.

நல்லேப்பிள்ளி, பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த ஊர். சித்தூர்ப் பகுதி முன்பு கொச்சி சமஸ்தானத்தின் துண்டு நிலமாக, மலபாருக்கும் கோயமுத்தூர் மாவட்டத்துக்கும் நடுவே தனித்துக் கிடந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் கேரளம் அமைந்தபோது அதன் பகுதியாயிற்று. கிழக்கே கோபாலபுரத்தைத் தாண்டினால் தமிழ்நாடு. எங்களுக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், பட்டறையில் இரண்டும் கலந்த மூன்றாவது மொழி ஒன்று.

அளவுகளும் இங்கே இரண்டு வகை. கேரளத்துத் தச்சு சாஸ்திரத்தின்படி எட்டு யவம் ஒரு விரல். இருபத்துநான்கு விரல் ஒரு கோல். கோலை இக்காலக் கணக்கில் 72 சென்டிமீட்டர் என்று கொள்வர். ஆகவே விரல் 3 சென்டிமீட்டர், யவம் 4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தமிழ்நாட்டுப் பட்டறைகளிலோ அங்குலத்தை எட்டாகப் பகுத்து, ஒரு பங்கை 'நூல்' என்று சொல்கிறோம். அது 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். யவக் கணக்கில் கோயில்களும் நாலுகட்டு வீடுகளும் எழுந்தன. நூல் கணக்கில் நாங்கள் நிலையும் கதவும் செய்து பிழைத்து வந்தோம். கால் நூல் பிசகினால் நல்ல ஆசாரி, அரை நூல் பிசகினால் சுமாரான ஆசாரி. எங்கள் ஊர் வழக்கில் தச்சனின் தரம் இவ்வளவில் அடங்கிவிடும். கால் நூலிலும் சிறிய பிழை ஒன்று மனிதனைக் கீழே தள்ளக்கூடும் என்பதை மேசை ரம்பம் வந்த பிறகே அறிந்தோம்.

எங்கள் தந்தையர் காலத்தில் மரம் அறுப்பது இரண்டு ஆட்களின் வேலை. பள்ளத்தின்மேல் மரத்தைக் கிடத்தி, கரி தோய்த்த நூலால் கோடடித்து, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று வாளை இழுப்பார்கள். வாள் கோட்டைவிட்டு விலகினால் உடனே தெரியும். கையைச் சற்றுத் திருப்பினால் மீண்டும் கோட்டுக்கு வந்துவிடும். இதே வட்டத்திலுள்ள பறம்பிக்குளம் காட்டிலிருந்து தேக்கு மரங்கள் கொச்சி அரசின் வனத் தண்டவாளப் பாதை வழியே சாலக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. 1907-ல் ஓடத் தொடங்கிய அந்தப் பாதை 1963-ல் நின்றது. வட்டமான வாளைச் சுழலவிட்டு மரம் அறுக்கும் எண்ணம் இதற்கெல்லாம் வெகு முந்தியது. இங்கிலாந்தில் சாமுவேல் மில்லர் என்பவர் 1777-ல் பெற்ற காப்புரிமையிலேயே வட்ட வாள் பேசப்படுகிறது. கைவாளுக்கும் வட்ட வாளுக்கும் உள்ள வேற்றுமை வேகம் மட்டுமன்று. கைவாளைத் தச்சன் வழிநடத்துகிறான். வட்ட வாள் ஓரிடத்தில் நிற்க, பலகைதான் அதை நோக்கிச் செல்கிறது. வழி தவறினால் கையால் திருத்த இடமில்லை. நேர்மை முழுவதும் இயந்திரத்திலேயே முன்கூட்டி இருந்தாக வேண்டும்.

பொள்ளாச்சியில் மூடப்பட்ட பட்டறை ஒன்றிலிருந்து அந்த ரம்பத்தை வாங்கினோம். வார்ப்பிரும்பு மேசை, 12 அங்குல வாள், இரண்டு குதிரைத்திறன் மோட்டார். விற்றவர் ஓர் அடி நீளமுள்ள வேப்பம் பலகையை அறுத்துக் காட்டினார். நூல் பிடித்தாற்போல் அறுந்தது. ஓர் அடிப் பலகையில் எந்த ரம்பமும் யோக்கியமாகவே நடந்துகொள்ளும் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. நான்கு பேர் மேசையின் விளிம்பைப் பற்றித் தூக்கிச் சிறிய லாரியில் ஏற்றினோம். வாளின் தண்டைத் தாங்கும் வார்ப்பும் மோட்டாரும் அந்த மேசைக்கு அடியில் நான்கு போல்ட்டுகளில் தொங்குகின்றன. மேசையைப் பிடித்துத் தூக்கினால் கீழேயுள்ள பாரம் முழுவதும் அந்த நான்கையும் இழுக்கும். பிசகு விற்றவரிடத்தில் நேர்ந்ததா, தூக்கிய எங்களாலா, வழியிலிருந்த குழிகளாலா என்ற வழக்கு எங்களுக்குள் இன்னும் தீர்ப்பாகவில்லை.

தொழில் அறியாதவர்களுக்காக அமைப்பைச் சொல்லிவிடுகிறோம். மேசையின் நடுவிலுள்ள பிளவு வழியாக வாள் மேலே தலை நீட்டும். அதற்கு இணையாக மேசையில் நீளக் காடி வெட்டியிருக்கும். குறுக்கு அறுப்புக்குரிய சட்டம் அதில் ஓடும். வாளின் வலப்புறம் 'கைடு' என்று நாம் சொல்லும் நீண்ட சட்டம். நெடுக்கு அறுப்பில் பலகை அதைத் தழுவிக்கொண்டு முன்னேறும். வாள், காடி, கைடு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். கேட்பதற்கு எளிது.

வந்த முதல் மாதத்திலேயே குறிகள் தென்பட்டன. தேக்குச் சட்டத்தை அறுத்தால் ஒரு பக்கம் மட்டும் கருகியது. ஆறடிப் பலகை முற்பாதி சுகமாகப் போய், பிற்பாதியில் இறுகியது, மோட்டார் முனகியது. அறுத்த இரண்டு துண்டுகளை ஒட்டினால் நடுவே வெளிச்சம் தெரிந்தது. மழுங்கிய வாள் என்று முடிவு செய்து புதிய வாள் போட்டோம். புதிய வாளும் கருக்கியது. பிறகு கைடின்மேல் சந்தேகம் திரும்பியது. பலகையை அறுத்துப் பார்ப்பதும், பின்புறம் அகன்றால் கைடைத் தட்டுவதும், மறுபடி அறுப்பதுமாக ஓராண்டை ஓட்டினோம். ஒரு மரத்துக்குச் சரியாக வந்த கைடு அடுத்த மரத்துக்குச் சரியாக வரவில்லை. வாளே காடிக்குக் கோணலாக நிற்கும்போது கைடை வாளுக்கு ஒப்ப வைத்தால் குறுக்கு அறுப்புக் கெடும். காடிக்கு ஒப்ப வைத்தால் நெடுக்கு அறுப்புக் கெடும். ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய் என்பார்களே, அப்படித்தான் எங்கள் திருத்தங்கள் வளர்ந்தன.

கைடின் பின்முனை வாளை நோக்கிச் சாய்ந்திருப்பதே இவற்றில் மிகக் கொடியது. முன்பற்கள் கீழ்நோக்கி இறங்குகின்றன. அவை பலகையை மேசையோடு அழுத்தும். பின்பற்களோ மேலெழுகின்றன. பலகை வாளுக்கும் கைடுக்கும் நடுவே நெருக்குண்டு பின்பற்களில் பட்டால், அவை அதைத் தூக்கி, அறுப்பவரை நோக்கி எறிந்துவிடும். எங்கள் வாள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,000 சுற்று சுழல்கிறது. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள வாளின் விளிம்பில் அது மணிக்கு 170 கிலோமீட்டர் வேகம். ஒரு பிற்பகலில் நான்கடிப் பலாப் பலகையொன்று அவ்வாறு எறிபட்டு இளையவனின் விலாவில் தாக்கியது. இரண்டு எலும்புகள் விரிசல் கண்டன. ஒரு சாண் மேலே பட்டிருந்தால் இந்தப் பேச்சை நாங்கள் பேசிக்கொண்டிருக்கமாட்டோம்.

அமெரிக்காவில் ஸ்டீபன் காஸ் என்பவர் 1999-ல் உருவாக்கிய முறையைப் பற்றிச் சிலர் எங்களிடம் சொன்னார்கள். விரல் பட்ட கணத்தில் வாள் சில மில்லிசெகண்டுகளில் நின்றுவிடுமாம். உயர்ந்த கண்டுபிடிப்புத்தான், எத்தனையோ விரல்களைக் காத்திருக்கிறது. ஆனால் எறிபட்ட பலகை விரலன்று; எங்கள் இளையவனின் விலாவை அது காத்திராது.

"அந்தச் சனியனை எடைக்குப் போட்டுவிடுங்கள்" என்றார் பெரியம்மா. அவர் சொன்னதில் தவறில்லை. வாங்கிய கடனில் பாதி பாக்கி இருந்தது. பழைய இரும்பு விலைக்குப் போட்டால் பாக்கியில் பாதிகூடத் தேறாது. அச்சில் வார்த்த ஆயத்தக் கதவுகள் கடைகளில் அடுக்கியிருக்கும் காலத்தில், கைவாளுக்குத் திரும்பிப் போய்க் கூலி கட்டுமா என்ற கேள்வியும் இருந்தது. பட்டறையைப் பத்து நாள் பூட்டி வைத்தோம்.

கோவையில் மோட்டார்த் தொழிற்சாலையொன்றில் பிட்டராக உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அப்போது கொழிஞ்சாம்பாறையில் உறவினர் வீட்டுக்கு வந்திருந்தார். 1937-ல் ஜி. டி. நாயுடு கோவையில் மின்மோட்டார் செய்த நாள் தொட்டு, அந்த நகரத்துக் கைகளுக்கு மில்லிமீட்டரை நூறாகப் பகுக்கும் பழக்கம் ஏற்பட்டுவிட்டது. அவர் வந்தார், எங்கள் அறுத்த பலகைகளையெல்லாம் பொறுமையாகப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஏனுங்க, பலகையைக் கேட்டா அது என்னத்தைச் சொல்லும்? பல்லைக் கேளுங்க."

தம் பையிலிருந்து டயல் கேஜை எடுத்தார். மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கை முள் காட்டும் கருவி அது. காடியில் ஆட்டமில்லாமல் ஓடும்படி ஒரு கட்டையைச் சீவச் சொல்லி, அதன்மேல் கருவியைப் பொருத்தினார். ஆனால் வாளைத் தொடவில்லை. முதலில் தண்டைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். பேரிங் இரண்டும் தேய்ந்திருந்தன. அவற்றை மாற்றும்வரை வேறு எதையும் அளக்க மறுத்துவிட்டார். மாற்றிய பிறகு வாளைக் கழற்றி, அதை அணைத்து நிற்கும் தட்டு வாஷரின் முகத்தைப் பார்த்தார். அதில் பிசினும் துருவும் படிந்திருந்தன. தட்டின் ஓரம் தண்டின் மையத்திலிருந்து 40 மில்லிமீட்டர். வாளின் பல்லோ 150 மில்லிமீட்டர் தள்ளி. தட்டில் ஒரு தாளின் பாதிக் கனத்துக்கு அழுக்கிருந்தால் பல்நுனியில் அது ஏறத்தாழ நான்கு மடங்கு ஆட்டமாகும். வாள் கெட்டது என்று நாங்கள் பழித்த நாட்களில் பல, உண்மையில் இந்தப் பிசினைப் பழிக்க வேண்டிய நாட்கள்.

அதன்பிறகே வாள். ஒரே ஒரு பல்லுக்குச் சுண்ணக்கட்டியால் குறியிட்டார். அந்தப் பல்லை முன்புறம் கொணர்ந்து ஓர் அளவு; அதே பல்லைப் பின்புறம் சுழற்றிக் கருவியையும் காடி வழியே பின்னுக்குத் தள்ளி மற்றோர் அளவு. முன்னே ஒரு பல்லும் பின்னே வேறொரு பல்லும் அளந்தால் வாளின் சொந்த நெளிவும் கணக்கில் கலந்துவிடும்; ஒரே பல் இரண்டிடத்திலும் சாட்சி சொன்னால் அந்த நெளிவு கழிந்துபோகும். இதைச் செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முள் 0.62 மில்லிமீட்டர் காட்டியது. நூலில் ஐந்தில் ஒரு பங்கு! 'நல்ல ஆசாரி' என்று நாங்கள் தாராளமாக மன்னித்து வந்த கால் நூலுக்கும் உள்ளே அடங்கும் பிழை அது. அது 0.1 மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான் ரம்பம் ரம்பமாகும் என்றார் பெரியவர். 0.1 மில்லிமீட்டர் என்பது நாம் கடிதம் எழுதும் தாளின் கனம்.

காரணம் தெரிந்துவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைத்தோம். எரிச்சல் அங்கிருந்துதான் ஆரம்பமாயிற்று. அடியிலுள்ள நான்கு போல்ட்டுகளில் மூன்றைத் தளர்த்தி, ஒன்றை அச்சாக நிறுத்தி, மரச் சுத்தியால் வார்ப்பை மெல்லத் தட்ட வேண்டும். தட்டினால் முள் அசைகிறது. 0.40, 0.22, 0.09 என்று இறங்குகிறது. மகிழ்ச்சியோடு போல்ட்டை இறுக்கினால் 0.30-க்கு ஏறிவிடுகிறது. போல்ட்டு சுழலும்போது வார்ப்பையும் தன்னோடு இழுத்துச் செல்வதே இதற்குக் காரணம். மீண்டும் தளர்த்து, மீண்டும் தட்டு. மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து, கண்ணில் மரத்தூள் விழ, மேலேயிருந்து ஒருவர் எண்களைச் சொல்ல, கீழேயிருந்து ஒருவர் வசை சொல்ல, மூன்று இரவுகள் இவ்வாறு கழிந்தன. எங்கள் மூவருக்குள்ளும் பேச்சு வார்த்தையே நின்றுபோன இரவும் அதில் ஒன்று.

பெரியவர் மட்டும் கோபப்படவில்லை. ஒரு போல்ட்டை முழுதாக இறுக்காமல், மூலைக்கு மூலை மாற்றி, கால் கால் சுற்றாக நான்கையும் இறுக்கச் சொன்னார். இறுக்கும்போது எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, அவ்வளவை முன்கூட்டியே எதிர்த்திசையில் விட்டுவைக்கச் சொன்னார். மூன்றாம் இரவு பதினொரு மணிக்கு, நான்கும் இறுகிய நிலையில், முள் 0.08-ல் நின்றது. ஒருவரும் பேசவில்லை. மேசையின்மேல் கை வைக்கக்கூடப் பயமாயிருந்தது.

கைடை மறுநாள் எடுத்துக்கொண்டோம். எங்கள் கைடு முன்புறம் மட்டுமே பூட்டுவது. பின்வால் தன்னிச்சையாக அலையும். முன்புறத்து அளவுப் பட்டையை நம்புவதை அன்றோடு விட்டோம். ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் காடியிலிருந்து முன்னும் பின்னும் அளக்கிறோம், பின்முனை 0.1 மில்லிமீட்டர் வெளியே விலகியிருக்கலாம், உள்ளே ஒருபோதும் சாயக்கூடாது. வாளுக்குப் பின்னால் நின்று, அறுந்த பிளவு மூடிக்கொள்ளாமல் காக்கும் தகட்டை முன்பு வைத்திருந்தவர் எவரோ இடைஞ்சல் என்று கழற்றி எறிந்திருந்தார். எங்கள் வாள் 3.2 மில்லிமீட்டர் அகலத்துக்கு அறுக்கிறது. அதன் உடற்கனம் 2.2. இரண்டுக்கும் நடுவே 2.5 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டில் புதிதாக ஒன்று செய்து பொருத்தினோம். பழைய ரம்பம் வாங்கப் போகிறவர்கள் மேசையின் மினுக்கைப் பார்க்குமுன் இந்தத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள்.

வாள் மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்பதற்கு மூலைமட்டம் போதும் என்றே இருந்தோம். பெரியவர் வேறு வழி காட்டினார். ஒரு பலகையை நிறுத்திக் குறுக்கே அறுத்து, ஒரு துண்டைத் தலைகீழாகப் புரட்டி, அறுந்த முகங்களைச் சேர்க்க வேண்டும். சாய்வு இருந்தால் அது இரட்டிப்பாகி வெளிச்சமாகத் தெரியும். இதே குறையை உபாயமாக்கிக்கொள்ளும் பழக்கம் ஆசாரிகளிடம் முன்பே உண்டு. அகலப் பலகை ஒட்டும்போது ஒரு துண்டை மேல்முகமாகவும் அடுத்ததைக் கீழ்முகமாகவும் அறுத்தால், இரண்டு சாய்வுகளும் ஒன்றையொன்று ஈடு செய்து பலகை தட்டையாக அமையும். இதை எங்கள் பாட்டனார் இழைப்புளியில் செய்தார். காரணம் கேட்டதற்கு "அப்படித்தான்" என்றாராம்.

இவ்வளவு செய்தும் சில பலகைகள் கோணலாகவே வருகின்றன. அதற்குக் குற்றவாளி ரம்பமன்று என்பதை ஒப்புக்கொள்ள எங்களுக்கு மேலும் சில மாதம் ஆயிற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 கிலோமீட்டருக்கு மேல் அகன்ற பாலக்காட்டுக் கணவாயின் வாயில் எங்கள் ஊர் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று இரவு பகலாக வீசும். ஆனியில் தென்மேற்குக் காற்று ஈரத்தைக் கொண்டுவரும். மழையில் வாங்கிய பலா, தையில் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். சரியாகக் காயாத மரத்துக்குள் ஒரு இழுவிசை ஒளிந்திருக்கும். நெடுக்கே அறுத்தவுடன் அது விடுபட்டு, இரண்டு பாதிகளும் விரியும், அல்லது வாளின்மேல் மூடும். முன்பெல்லாம் அப்படி மூடினால் உடனே மேசைக்கு அடியில் புகுந்து போல்ட்டைத் தளர்த்துவோம். சரியாக இருந்ததைக் கெடுத்தோம் என்று இப்போது தெரிகிறது. இன்று பலகை இறுகினால் முதலில் மோட்டாரை நிறுத்துகிறோம், கேஜை வைக்கிறோம், முள் சரியாயிருந்தால் மரத்தைக் கொண்டுபோய்க் கொட்டகையில் இன்னொரு மாதம் அடுக்கி வைக்கிறோம். ஒரு விளிம்பேனும் நேராக இழைக்கப்படாத பலகையைக் கைடில் சாத்துவதே இல்லை. வளைந்த விளிம்பு வழிகாட்டினால் நேரான வாள் என்ன செய்யும்?

பெரியவர் கோவைக்குத் திரும்பிச் சென்றபோது, கூலி என்று எதுவும் வாங்கவில்லை. ஒரு சிறிய தேக்கு மணை செய்து கொடுத்தோம். அதை அவர் தலைகீழாகத் திருப்பி, மூலைகளைப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார். சொந்தமாக ஒரு டயல் கேஜ் வாங்கும்படி மட்டும் சொன்னார்.

வாங்கினோம். திங்கட்கிழமை காலையில் முதல் வேலை அதுதான். அதிர்வினால் போல்ட்டுகள் வாராவாரம் சிறிது சிறிதாக இளகுகின்றன. ஸ்பிரிங் வாஷர் போட்டும் முற்றிலும் நிற்கவில்லை. ஒரு நோட்டில் நாளும் அளவும் எழுதி வருகிறோம். 0.08, 0.08, 0.11, மழைக்குப் பின் 0.14, அன்று அரை நாள் வேலை போயிற்று, பிறகு மீண்டும் 0.07. காடியே ஒரு பக்கம் தேய்ந்து வருவதையும் அந்த நோட்டுத்தான் காட்டிக் கொடுத்தது. அதற்கு என்ன செய்வதென்று இன்னும் தீர்மானிக்கவில்லை. கடனில் மூன்று தவணை பாக்கி இருக்கிறது.

சென்ற திங்கட்கிழமை 0.09. இப்போதெல்லாம் அளவெடுப்பது இளையவன். பெரியம்மா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். அளந்து முடித்து, நோட்டில் எழுதி, வாளைச் சுழலவிட்ட பிறகு, அவன் பலகைக்கு நேர் பின்னால் நிற்பதில்லை. இடப்புறம் ஓரடி ஒதுங்கி நின்றே தள்ளுகிறான்.